ஒற்றையாள் பாரம்

கணவரின் அக்காவை அவள் ஒவ்வொரு நாவலிலும் ஒரு தடவையாவது கொன்றிருக்கிறாள். விஷம் வைத்து, தலையணையால் அழுத்தி, தண்ணீர் இல்லாத குளியல் தொட்டியில் மூழ்கடித்து. ஒரு தடவை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்க வைத்து, உயிரோடு சுவர் எழுப்பி. நாத்தனார் முணுமுணுத்ததில்லை. தபால் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆகிருதியான பெண்மணி. செத்துக் கிடப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார்.

முதல் நாவலுக்குக் கணவரைத்தான் கூப்பிட்டாள். அவர் கண் மருத்துவர், பொறுமைசாலி. ஆனால் கழுத்தில் கயிறு பட்டதும் சிரித்துவிட்டார். இரண்டாம் முறையும் சிரித்தார். "பொணம் சிரிச்சா நான் என்னத்த எழுதறது?" என்று அவள் கயிற்றைச் சுருட்டியபோது, அடுத்த அறையிலிருந்து நாத்தனார் வந்தார். தம்பியை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் படுத்துக்கொண்டார். வேலை அன்றைக்கே நிரந்தரமானது.

அவளுடைய கதைகள் எல்லாம் பழைய வழக்குகளிலிருந்து வந்தவை. மூடிப்போன காய்ச்சல் மருத்துவமனை, மூழ்கிய கப்பலைப் பற்றிய விசாரணை, ஒரே குளிர்காலத்தில் பிள்ளைகள் பாதிப்பேர் காணாமல்போன அநாதை விடுதி. ஆவணக் காப்பகத்தில் முகமூடி கட்டிக்கொண்டு தூசியில் உட்கார்ந்து படிப்பாள். இவ்வளவு இருட்டை எங்கேயிருந்து எடுக்கிறீர்கள் என்று வாசகர்கள் கேட்பார்கள். மேடைக்கென்று அதற்கு நீளமான பதில் ஒன்று வைத்திருந்தாள். உண்மையான பதில் சின்னது. எடுப்பதில்லை, அங்கே கிடக்கிறது.

தொழிலில் அவளுக்கு ஒரே கண்டிப்பு. நடக்காததை எழுதலாம், நடக்க முடியாததை எழுதக்கூடாது. அதனால் எதையும் செய்து பார்த்த பிறகே எழுதுவாள். அடுக்குமாடியின் பின்பக்கப் படிக்கட்டில் நாத்தனார் தலைகீழாகக் கிடக்கும்போது கீழ்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு தாண்டிப் போவார்.

"இன்னைக்கு என்ன, கத்தியா?"

"இல்ல, தள்ளிவிட்டது. ஆனா பாக்கறதுக்கு மயக்கம் போட்டு விழுந்த மாதிரி இருக்கணும்" என்பார் பிணம், கண்ணைத் திறக்காமல்.

"நல்லா வருது" என்பார் அவர்.

இந்தத் தடவை எடுத்துக்கொண்ட வழக்கு நூறு வருஷத்துக்கும் முந்தையது. ஒரு கப்பல் வணிகரின் மாளிகை. வணிகர் கடல்மேல் போயிருந்த சமயத்தில், சமையலறைச் சிறுமி ஒருத்தி காய்ச்சலில் செத்த அடுத்த மாசம், அவருடைய மனைவி காணாமல் போனாள். பின்முற்றத்துச் சுண்ணாம்புக் குழியில், படுக்கைப் போர்வை சுற்றிய நிலையில் உடல் கிடைத்தது. வீட்டு வேலைக்காரியைப் பிடித்தார்கள். குருவி மாதிரி இருந்ததால் அவளுக்குச் சிட்டு என்று பெயர். எஜமானியை மாடியில் கொன்று, தோளில் தூக்கிக்கொண்டு பின்படி வழியாக இறங்கினாள், கண்ணால் பார்த்தேன் என்று காவலாள் சாட்சி சொன்னான். சிட்டும் ஒத்துக்கொண்டாள். தூக்கில் போட்டார்கள்.

அப்புறம் ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. எஜமானி வாட்டசாட்டமானவள், சிட்டு அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். பின்படியோ ஒற்றையடிப் பாதை மாதிரி, நடுவில் ஒரு திருப்பம் வேறு. அதில் எப்படித் தூக்கியிருப்பாள்? வாக்குமூலத்தை அடித்து வாங்கியிருப்பார்கள் என்று ஒருவர் எழுதினார். அடுத்து வந்தவர் அதையே கொஞ்சம் நீட்டினார். இன்றைக்கு அந்த வழக்கைத் தெரிந்த எல்லோருக்கும் சிட்டு அப்பாவி.

அவளுக்கும் அப்படித்தான். மாளிகையை இடிப்பதற்கு முன்பே போய்ப் படிக்கட்டை அளந்து வந்திருந்தாள். அவளுடைய அடுக்குமாடியின் பின்படியும் கிட்டத்தட்ட அதே அகலம், அதே மாதிரி திருப்பம். நாவல் தொடங்கிய வாரம் நாத்தனாரைத் தோளில் ஏற்றிப் பார்த்தாள். அடுத்த படியிலேயே இருவரும் சரிந்தார்கள். நாத்தனாருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து, முடியாது, முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு நேரே மேசைக்குப் போய் முதல் அத்தியாயத்தை எழுதினாள்.

சிட்டுக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. அந்த வழியில் வந்த கொள்ளுப்பேத்தியை அவள் தேடிப் பிடித்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண். பிள்ளைகள் வேன் ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். அவளுடைய வாயிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரியவேண்டும் என்று இருக்கையில் ஒன்றின்மேல் ஒன்றாக மெத்தை போட்டு உட்காருவார். ஓட்டுநர் தேர்வுக்குப் போன அன்று அதிகாரி இவரை மேலும் கீழும் பார்த்து, இதெல்லாம் உங்களால முடியாதும்மா, ஸ்கூட்டர் ஓட்டுங்க என்றாராம். வேனைப் பின்பக்கமாகவே ஓட்டிக் கொண்டுபோய் அவருடைய ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினேன் என்று சொல்லிச் சிரித்தார்.

தன் வம்சத்தைப் பற்றிப் பேசியபோது சிரிக்கவில்லை. பள்ளியில் யாரோ கண்டுபிடித்துக் கொலைகாரி பேத்தி என்று கூப்பிட்டதிலிருந்து அதை வெளியில் சொல்வதை விட்டுவிட்டார். "அவங்க பண்ணல. அவங்களால முடியாது, இத்தனூண்டு உருவம். எங்கம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க. நீங்க எழுதுங்க. புத்தகம் வரட்டும். அன்னைக்கு மேடை ஏறி நான் யாருன்னு சொல்றேன். அதுவரைக்கும் புத்தகம் போடறவரைத் தவிர யார்கிட்டயும் என் பேச்சை எடுக்காதீங்க."

எழுதித் தருகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

நாலு வருஷம் எழுதினாள். 'குற்றமற்றவள்' என்று பெயர் வைத்தாள். நாவலின் உச்சம் நீதிமன்றக் காட்சி. இந்த உடலை யாராவது ஒரே ஆள் கீழே இறக்கிக் காட்டுங்கள் என்று வழக்கறிஞர் சவால் விட, சபையில் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள். பதிப்பாளர் அந்த இடத்தில் அழுதுவிட்டதாகச் சொன்னார். அவள் எழுதியதில் ஆகச் சிறந்தது அதுவே. அது அவளுக்கும் தெரியும்.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. வழக்கம்போல நாத்தனார் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். கதையில் வேறு எதிலும் தலையிடமாட்டார், பிணத்தின் தரப்பை மட்டும் பார்ப்பார். விறைத்த கை மடங்காது, செத்தவள் தலை இந்தப் பக்கம் தொங்காது என்று ஓரத்தில் எழுதி வைப்பார். அன்று மத்தியானம் காகிதக்கட்டோடு அவளிடம் வந்தார்.

"படியில எஜமானி விழுற இடம் சரியில்ல. முழங்கை முதல்ல இடிக்குதுன்னு எழுதியிருக்கே. எனக்கு இடுப்பு இடிச்சப்புறம்தான் முழங்கை."

"அக்கா, நாலு வருஷம் ஆச்சு. எப்படி ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இடிச்சது. எனக்கு ஞாபகம் இருக்காதா?"

சரி, இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று பின்படிக்குப் போனார்கள். நாத்தனார் மேல்படியில் படுத்துச் செத்துப்போனார். அவள் அக்குளில் கைகொடுத்து, தோளுக்கு ஏற்றி, தடுமாறி, சரிந்தாள். இடுப்புதான் முதலில் இடித்தது.

"பாத்தியா?" என்றார் நாத்தனார். எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் சொன்னார். "ஒண்ணு சொன்னா கோச்சுக்காதே. அன்னைக்கும் தோணிச்சு. நீ தோக்கணும்னே தூக்கறே."

"நானா?"

"விஷம் வெச்சப்போ என் தொண்டைக்குள்ள கரண்டியை விட்டே. தொட்டியில என் தலையைப் பிடிச்சு அழுத்தினதுல ரெண்டு நாள் கழுத்து திரும்பல. அப்பல்லாம் நீ என்னைக் கொல்லணும்னு வந்தே. இதுல மட்டும் சும்மா தூக்கற மாதிரி தூக்கிப் போட்டுட்டு ஓடிடறே."

அவளுக்குச் சுருக்கென்றது. அண்டப்புளுகு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. படியில் உட்கார்ந்தாள். முதல் தடவை விழுந்தபோது தான் சிரித்தது ஞாபகம் வந்தது. விழுந்தவர்கள் சிரிப்பதில்லை. நினைத்தது நடந்தவர்கள்தான் சிரிப்பார்கள்.

தூக்கியே தீரவேண்டும் என்றால் எப்படித் தூக்குவேன்? கேள்வியை அவள் தலைக்குக் கொடுத்தாள். பதில் கையிலிருந்து வந்தது. அவளுடைய அப்பா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவளைப்போல இரண்டு பங்கு எடை. தினமும் புரட்டி, நகர்த்தி, நாற்காலியில் உட்கார வைத்தது அவள் ஒருத்திதான். ஒரு நாளும் அவரை அவள் தூக்கியதில்லை. தூக்குவது தெரியாதவர்கள் செய்கிற வேலை.

உள்ளே போய்ப் படுக்கைப் போர்வையை எடுத்து வந்தாள். நாத்தனாரைப் பக்கவாட்டில் உருட்டி அடியில் செருகினாள். இரு முனைகளையும் அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து முதுகுப்பக்கம் முறுக்கிக்கொண்டாள். அவருடைய கால் கீழே போகும்படி திருப்பி, தான் தலைமாட்டில் படியில் உட்கார்ந்து, அவருடைய தோளை மடியில் ஏந்திக்கொண்டாள். ஒரு படி கீழே நகர்ந்து உட்கார்ந்தாள். பாரம் தானாக வந்தது. இன்னொரு படி. பிடித்து நிறுத்துவது மட்டும்தான் வேலை, இறக்குவதைப் படியே பார்த்துக்கொண்டது. திருப்பத்தில் போர்வையின் ஒரு முனையைத் தளர்த்தி மறு முனையை இழுத்தாள். கனத்த உடம்பு கதவு மாதிரித் திரும்பியது.

கீழே வந்து சேர்ந்தார்கள். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

போர்வை பிணத்தை மறைப்பதற்கு என்று இத்தனை பேர் எழுதியிருந்தார்கள். அவளும் எழுதியிருந்தாள். மறைக்க அல்ல, இழுக்க. சிட்டு அந்த வீட்டில் வணிகரின் படுத்த படுக்கையான தாயாரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவள். பதிவில் பளிச்சென்று இருந்தது. அவளுடைய இளகிய மனசுக்குச் சான்றாக நாவலில் ஒரு முழு அத்தியாயம் அதற்குக் கொடுத்திருந்தாள். அந்த இளகிய மனசுக்கு இரண்டு கை இருந்ததை யோசிக்கவில்லை. காவலாள் தோளில் பார்த்தேன் என்றது வெறும் கதை, தூங்கிப்போனவன் சொன்ன கதை. அவன் பொய் சொன்னான் என்பதால் சிட்டு உண்மை சொல்லவில்லை என்று ஆகிவிடுமா?

"என்ன?" என்றார் நாத்தனார், மடியிலிருந்து.

"அவதான் செஞ்சிருக்கா, அக்கா."

"ம்" என்றார் அவர். "சுகமா இருந்துச்சு. சொல்றேனே, ஒரு இடத்துல கூட இடிக்கல."

மறுநாள் பதிப்பாளரிடம் சொன்னாள். அட்டை அச்சாகிவிட்டது என்று தொடங்கினார். அப்பாவியைத் தூக்கில் போட்டால்தான் வாசகருக்கு நெஞ்சு கனக்கும், செய்தவளைப் போட்டால் என்ன இருக்கிறது என்றார். கடைசியில் கெஞ்சலாகவே கேட்டார். "கதைதானே மேடம். யார் போய்ப் படியில இழுத்துப் பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

 புத்தகம் வரட்டும், மேடை ஏறலாம் என்று அந்தக் கொள்ளுப்பேத்தி காத்திருக்கிறாரே என்றார் அவர். அந்தம்மா ஒத்துக்கொண்டால் மாற்றி எழுதுங்கள், காத்திருக்கிறேன். மறுத்தால் இருக்கிறபடியே போகட்டும், ஒரு குடும்பத்தை இரண்டாம் முறை தூக்கில் போட்ட பாவம் நமக்கு வேண்டாம்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை வதைத்தது. தன் வம்சத்தையே வாய்விட்டுச் சொல்லாமல் வாழ்ந்த ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு படிக்கட்டைப் பற்றிப் பொய் சொல்லவேண்டும். இரவெல்லாம் அவள் தூங்காததைக் கணவர் பார்த்தார். "என்னைக் கேட்டா..." என்று தொடங்கினார். "கேக்கல" என்றாள். அவர் டீ போடப் போய்விட்டார்.

பள்ளிக்குப் பின்னால் வேன்கள் நிற்கிற கொட்டகை. மத்தியான வேளை. வேன் ஆன்ட்டி பின் இருக்கைகளில் சிந்தியிருந்த பிஸ்கட் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். புத்தகம் வந்துவிட்டது என்று நினைத்து முகம் மலர்ந்தார். பிள்ளைகள் உட்காருகிற குட்டி இருக்கையில் அவள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். படி, போர்வை, படுத்த படுக்கையான கிழவி. சுற்றி வளைக்கவில்லை.

வேன் ஆன்ட்டி துடைப்பத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அப்போ அவங்கதான் பண்ணாங்களா?"

"ஆமா."

"நீங்க எழுதினது?"

"தப்பு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொட்டகையில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.  மன்னிப்புக் கேட்கலாமா என்று அவள் நினைத்து, அது தன் பாரத்தை இவர் மடியில் இறக்குகிற வேலை என்று விட்டுவிட்டாள்.

"அந்தச் சமையக்கட்டுல வேலை பாத்த குட்டிப் பொண்ணு" என்றார் வேன் ஆன்ட்டி. "எஜமானி கரிக்கிடங்குல போட்டுப் பூட்டினதுன்னு சொன்னீங்களே. அது நெஜமா, நீங்க சேத்ததா?"

"நெஜம். அங்கேயே செத்துச்சு. காய்ச்சல்னு எழுதி முடிச்சுட்டாங்க. அதுக்கு அடுத்த மாசம்தான் எஜமானி காணாமப் போனது."

"கோர்ட்டுல எங்க சிட்டுப்பாட்டி என்ன சொன்னாங்க?"

நாவலில் அந்த வரியை அழுகையோடு சொல்ல வைத்திருந்தாள். பதிவில் அழுகை இல்லை. "நான்தான் செஞ்சேன். நான் மட்டும்தான்."

"நம்பினாங்களா?"

"தூக்குல போட்டவங்ககூட நம்பல. கூட இருந்த ஆள் யாருன்னு கடைசிவரைக்கும் கேட்டாங்க. உன்னால முடியாதேன்னு."

"நீங்களும் நம்பல."

"நம்பல."

"எங்கம்மா நம்பல. நான் நம்பல." துடைப்பத்தை இருக்கையில் சாய்த்து வைத்தார். "அவங்க சொன்னதையே யாரும் காதுல வாங்கல. எல்லாரும் சேந்து முடியாது முடியாதுன்னு..." பாதியில் நிறுத்தினார். பள்ளி மணி அடித்தது. கையை உதறிக்கொண்டு மெத்தை மேல் ஏறி உட்கார்ந்தார். "பிள்ளைங்களை விட்டுட்டு வரேன். அந்தப் படியைக் காட்டுங்க."

சாயங்காலம் வெளிச்சம் போவதற்கு முன்பே வந்துவிட்டார். சீருடையோடு, கழுத்தில் விசில் தொங்க. அவள் கதவைத் திறந்தாள். நாத்தனார் வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். தபால் நிலையத்தில் பொட்டலத்தை எடைபோடுகிற பார்வை.

"நான் கனம்மா. முன்னாடியே சொல்லிடறேன்."

"பரவால்ல. என் வேன் உங்களைவிட கனம்."

நாத்தனாருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. மரியாதையோடு மேல்படியில் போய்ப் படுத்தார். கண்ணை மூடுமுன் உடுப்பைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் அவர் அங்கே இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாகச் செத்து அவள் பார்த்ததில்லை.

அவள் போர்வையைக் கொடுத்தாள். உருட்டுவது எப்படி, முறுக்குவது எப்படி என்று ஒரு தடவை சொன்னாள். உதவப் போன கையை வேன் ஆன்ட்டி தள்ளிவிட்டார்.

"தனியா."

அவள் சுவரோடு ஒதுங்கி நின்றாள். முதலில் போர்வை நழுவியது. வேன் ஆன்ட்டி அவிழ்த்து, மறுபடி முறுக்கி, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அது அவள் சொல்லித்தந்ததில் இல்லை. நாத்தனாரின் தலையை மடியில் வைத்துக் குதிகாலைப் படியில் ஊன்றினார். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அந்தச் சின்ன உருவமே தெரியாது, உடம்பு தானாக இறங்குவது போலிருக்கும். ஒரு படி. நின்றார். இன்னொரு படி. திருப்பத்துக்கு வந்தபோது பாரம் சுவரில் சிக்கிக்கொண்டது. இங்கேதான் எல்லோருடைய புத்தகமும் முடிந்திருந்தது. வேன் ஆன்ட்டி பக்கவாட்டுக் கண்ணாடி பார்ப்பது போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து மூலையைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் மேலே இழுத்தார். கீழே போகவேண்டியதை மேலே இழுக்க அவளுக்குத் தோன்றியிராது. உடம்பு நிமிர்ந்து, திரும்பி, வழி கண்டுகொண்டது.

 நாலு வருஷம் தேடிய பெண்ணை அவள் முதுகுப்பக்கமாக இப்போதுதான் பார்க்கிறாள். நீதிமன்றக் காட்சி மனதில் தானாகப் புரண்டு படுத்தது. வழக்கறிஞர் சவால் விடுகிறார். சபையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கூண்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல், ஒரு போர்வை கொடுங்கள் என்கிறது.

கடைசிப் படியும் முடிந்து தரைக்கு வந்துவிட்டார்கள். வேன் ஆன்ட்டி நாத்தனாரின் தலையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அது, தேர்வு அதிகாரியின் ஜன்னலுக்குக் கீழே வேனை நிறுத்திய அன்றைக்கு இருந்திருக்கக்கூடிய முகம்.

"மாத்தி எழுதுங்க" என்றார். "அழ வெக்காதீங்க அவங்களை."

வாசல் பக்கம் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் பையோடு வந்துகொண்டிருந்தார். பிணத்தைப் பார்த்து வழக்கம்போலத் தலையசைத்தார். பிணத்துக்குப் பின்னால் ஒரு புதிய ஆள் இருப்பதைப் பார்த்து நின்றார்.

"இவங்க யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். பேச்சை எடுக்காதீர்கள் என்று வாங்கிய உறுதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

வேன் ஆன்ட்டி மணிக்கட்டிலிருந்து போர்வையை அவிழ்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இருந்த உயரத்துக்கு அது நல்ல நிமிர்வு.

"சிட்டோட கொள்ளுப்பேத்தி" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. "ஒரு வீட்டு எஜமானியைக் கொன்னு, தன்னந்தனியா மாடியிலேருந்து இறக்கினாங்களே, அந்தச் சிட்டு."

கீழ்வீட்டுக்காரர் படியை மேலே வரைக்கும் பார்த்தார். திருப்பத்தைப் பார்த்தார். நாத்தனாரின் நீள அகலத்தைப் பார்த்தார்.

"இதுல இறக்கறதுன்னா சாமானியம் இல்ல" என்றார்.

"இல்லதான்" என்றார் வேன் ஆன்ட்டி.

நாத்தனார் கண்ணைத் திறக்கவில்லை. வேலை முடிந்தது என்று யாரும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.